ஒசரமான ஆளுக்கு ஒசரமான வண்டியா? மொதல்ல உள்ள உட்கார்ந்து பாருங்க

வண்டி சீட்டு சரியில்லாம முதுகு வலியோட என் கிட்ட வந்தவங்கள்ல, இந்த மாசத்துல மட்டும் இது நாலாவது ஆள், அதனால தான் என் பிசியோதெரபி க்ளினிக் மூடின கையோட உட்கார்ந்து டைப் பண்றேன். பையனுக்கு 25 வயசு, 6 அடி 3 அங்குலம், ஓசூர்ல வேலை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி கோயம்புத்தூர் வந்துட்டு ஞாயித்துக்கிழமை திரும்ப ஓட்டிட்டுப் போறான், ஒரு வழிக்கே 300 கிலோமீட்டருக்கு மேல. கீழ் முதுகுல வலி, இடது பக்கம் புட்டத்துல இருந்து தொடை வரைக்கும் இழுக்குதுங்கறான், ஊருக்கு வரும்போது தொப்பூர் இறக்கத்துல கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இடது முட்டியும் போச்சு. கையில எம்ஆர்ஐ. அதுல டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற மெத்தை, லேசா பிதுங்கியிருக்குன்னு ஒரு வரி. அதைப் படிச்சுட்டு அவங்க அம்மா அழுதுட்டே வந்தாங்க, "இந்த வயசுலயே எம்பையனுக்கு முதுகெலும்பு தேஞ்சு போச்சுங்களா மேடம்"னு.

தேயலைங்க. 20 வயசுல வலியே இல்லாம நல்லா இருக்கற ஆளுங்களை ஸ்கேன் எடுத்தாலே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும், 2015ல பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்து சொன்ன கணக்கு இது. அதனால ரிப்போர்ட்டை மடிச்சு வெச்சுட்டு நான் கேட்டது ஒண்ணு தான், "தம்பி, வண்டி கீழ நிக்குதா? வாங்க, எப்படி உட்கார்ந்து ஓட்டறீங்கன்னு காட்டுங்க."

போன வருஷம் வாங்கின புது எஸ்யூவி. வெளிய இருந்து பார்த்தா அவ்ளோ பெருசு. உள்ள ஏறி உட்கார்ந்தான், தலை கூரையில இடிக்குது, இடிக்காம இருக்க சீட்டை சாய்ச்சிருக்கான், சாய்ச்சதால ஸ்டியரிங் எட்டலை, எட்டறதுக்காக ரெண்டு தோளையும் முன்னாடி தள்ளி முதுகை வில்லு மாதிரி வளைச்சிருக்கான், சிக்னல் லைட்டைப் பார்க்க கழுத்தைக் குனியணும். வலது முட்டி ஸ்டியரிங்குக்கு அடியில ஒட்டிட்டு நிக்குது, இடது முட்டி கிளட்சை விடும்போதெல்லாம் டேஷ்போர்டுல உரசுது. இப்படியே ஆறு மணி நேரம். எனக்கு அங்கயே நின்னு பார்க்க முடியலை.

அவங்கப்பா பக்கத்துல நின்னு சொல்றாரு, "ஏனுங் மேடம், ஒசரமான பையனாச்சேன்னு தானுங்க ஒசரமான வண்டியா பார்த்து வாங்கினோம்?"

பாசமா தான் வாங்கியிருக்காரு, அவர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டுட்டேன்! தயவு செஞ்சு இதை மட்டுமாவது புரிஞ்சுக்கோங்க. வண்டியோட உயரம்னு ஷோரூம்ல சொல்றது தரையில இருந்து கூரை உச்சி வரைக்கும். அதுல டயர் இருக்கு, தரைக்கும் வண்டி அடிப்பாகத்துக்கும் நடுவுல கிரவுண்ட் கிளியரன்ஸ்ங்கற இடைவெளி இருக்கு, சில வண்டில பாடியைத் தாங்கற கனமான சேஸிஸ் ஃபிரேம் இருக்கு, அதுக்கும் மேல தான் நீங்க கால் வைக்கற ஃப்ளோரே வருது. உங்களுக்குக் கிடைக்கறது ஃப்ளோருக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கற இடம் மட்டும் தான். வீடு மூணு மாடின்னா ஒவ்வொரு ரூமும் ஒசரமாவா இருக்கும்? அதே கதை தான் இது. சில எஸ்யூவில ஃப்ளோர் ஒசந்து, அதுக்கேத்த மாதிரி சீட் ஒசராம இருக்கும், அப்போ பலகையில உட்கார்ற மாதிரி முட்டி மேல தூக்கிக்கும், தொடை சீட்டுல படியவே படியாது. அதே நேரம் 1998ல வந்த சான்ட்ரோவை டால்பாய், அதாவது ஒசரமான பையன்னு சொன்னாங்களே ஞாபகம் இருக்கா, அது எவ்ளோ சின்ன வண்டி, ஆனா உள்ள நாற்காலியில உட்கார்ற மாதிரி நிமிர்ந்து உட்காரலாம். வேகன்ஆரும் அதே ஜாதி தான். 6 அடிக்கு மேல இருக்கற என் பேஷண்ட்ஸ்ல சில பேர் அந்த மாதிரி சின்ன வண்டில நிம்மதியா ஓட்டறாங்க. நாற்காலி மாதிரி உட்கார்ந்தா கால் கீழ இறங்கிடும், முன்னாடி நீட்ட இடம் கம்மியா இருந்தாலும் போதும்.

அப்புறம் அந்த சன்ரூஃப். கண்ணாடியும் அதோட ஃபிரேமும் கூரைக்குள்ள தான் உட்காரணும், அதுக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர், சில வண்டில அதுக்கும் மேல, உங்க தலைக்கு மேல இருந்து தான் எடுப்பாங்க. அஞ்சே முக்கால் அடி ஆளுக்கு அது ஒரு விஷயமே இல்ல. 6 அடி 3 அங்குலத்துக்கு அந்த மூணு சென்டிமீட்டர் தான் நிமிர்ந்து உட்கார்றதுக்கும் கூனிட்டு உட்கார்றதுக்கும் வித்தியாசம்.

இன்னொண்ணு, ஒரே உயரம் இருக்கற ரெண்டு பேருக்கு ஒரே வண்டி செட் ஆகாது. சில பேருக்கு இடுப்புக்கு மேல உடம்பு நீளம், சில பேருக்கு கால் நீளம். நாங்க க்ளினிக்ல ஸ்டூல்ல உட்கார வெச்சு சுவத்தோட ஒட்டி உச்சந்தலை வரைக்கும் அளந்து பார்ப்போம், வீட்லயே பண்ணிப் பார்க்கலாம். உடம்பு நீளமா இருந்தா உங்க பிரச்சனை கூரை, சீட்டை இறக்கற வசதி இருக்கான்னு பாருங்க, பல வண்டில விலை கம்மியான கீழ் வேரியன்ட்ல அந்த லீவரே இருக்காது. கால் நீளமா இருந்தா உங்க பிரச்சனை ஸ்டியரிங்.

ஸ்டியரிங் பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்லணும். மேலயும் கீழயும் மட்டும் அசையறது டில்ட். நம்ம பக்கம் இழுக்கவும் முடிஞ்சா அதுக்கு டெலஸ்கோப்பிக்னு பேரு. நீளக் கால் இருக்கறவங்க காலுக்காக சீட்டைப் பின்னாடி தள்ளினா கை எட்டாது, கைக்காக முன்னாடி இழுத்தா கால் மடங்கும், இந்த இழுபறியைத் தீர்க்கறது டெலஸ்கோப்பிக் ஒண்ணு தான், வேற எந்த மெத்தையும் தலகாணியும் தீர்க்காது. நம்ம ஊர்ல விக்கற பல மாடல்ல இது டாப் வேரியன்ட்ல மட்டும் இருக்கு, சிலதுல அதுலயும் இல்ல. இந்தப் பையன் வண்டில பெரிய டச் ஸ்கிரீன் இருக்கு, கலர் கலரா லைட் இருக்கு, டெலஸ்கோப்பிக் இல்ல. வாங்கறப்போ யாரும் கேக்கவும் இல்ல.

வளைஞ்சு உட்கார்ந்தா டிஸ்க்குக்கு என்ன ஆகும்னு ஸ்வீடன் டாக்டர் நாகெம்சன் 1960கள்லயே ஊசி விட்டு அழுத்தத்தை அளந்து காட்டிட்டாரு, நிக்கறதை விட முன்னாடி வளைஞ்சு உட்கார்றதுல அழுத்தம் அதிகம். அதோட ரோட்டு அதிர்வும் சேருது. முட்டி டேஷ்போர்டை ஒட்டி இருக்கறது வெறும் வலிப் பிரச்சனையும் இல்ல, முன்னாடி போய் மோதினா அந்த அடி முட்டில பட்டு தொடையெலும்பு வழியா போய் இடுப்பு மூட்டைப் பின்னாடி கழட்டிடும், எலும்பு டாக்டருங்க டேஷ்போர்டு இஞ்சுரின்னே சொல்லுவாங்க. அப்படி ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்களை நடக்க வெச்சிருக்கேன், மாசக்கணக்கா ஆகும்.

இனிமே தான் வாங்கப் போறீங்கன்னா, ஓட்டப் போற ஆள் தான் ஷோரூம் போகணும். அப்பா போய் உட்கார்ந்து பார்த்துட்டு புக் பண்ணாதீங்க. தினமும் போடற ஷூவோட போங்க, 11, 12 சைஸ் காலுக்கு பெடலுக்கு மேல இருக்கற பேனல்ல ஷூ முனை இடிக்கும், செருப்போட போனா தெரியாது. நீங்க வாங்கப் போற அதே வேரியன்ட்ல உட்காருங்க, டிஸ்ப்ளேல நிக்கறது டாப் எண்டா இருக்கும், ஏமாந்துடாதீங்க. கிளட்சை முழுசா மிதிச்சாலும் முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்கணும். தோள் சீட்டுல ஒட்டியிருக்க, கையை நீட்டினா மணிக்கட்டு ஸ்டியரிங் உச்சில படியணும். தலைக்கு மேல நாலு விரல் போகணும். ஹெட்ரெஸ்ட் உச்சி காதோட மேல் பகுதி வரைக்காவது வரணும், கழுத்துல முட்டிட்டு இருந்தா பின்னாடி இடி வாங்கும்போது அது காப்பாத்தாது. பத்து நிமிஷம் ஓட்டிட்டு "சூப்பர்"னு இறங்கிடறீங்க, வலி ஆரம்பிக்கறதே அரை மணி நேரம் கழிச்சு தான், அதனால வெக்கப்படாம ஒரு மணி நேரம் கேளுங்க, லட்சக்கணக்குல காசு குடுக்கறீங்க.

ஏற்கனவே வாங்கிட்டவங்க என்னைத் திட்டாதீங்க, அந்தப் பையனுக்கும் வண்டியை மாத்த சொல்லலை. சீட்டை முழுசா இறக்கினோம், சாய்வை நிமிர்த்தி தலை இடிக்காத அளவுக்கு மட்டும் வெச்சோம், ஒரு கட்டம் முன்னாடி நகர்த்தினோம், ஸ்டியரிங்கை முட்டி தப்பிக்கற அளவுக்கு மேல தூக்கினோம். சீட் முனைக்கும் முழங்காலுக்கும் நடுவுல ஒரு உள்ளங்கை நீளத்துக்கு தொடை அந்தரத்துல இருந்துச்சு, அங்க துண்டை மடிச்சு வெச்சு தாங்கல் குடுத்தோம், நழுவாம கவருக்குள்ள விட்டு தச்சுக்க சொன்னேன், அவுந்து பெடலுக்குப் போயிட்டா பெரிய ஆபத்து. பின் பாக்கெட்ல இருந்த பர்ஸை டேஷ்போர்டுக்கு மாத்தினோம். கூடவே அஞ்சு வாரம் எக்சர்சைஸ். வலி முக்கால்வாசி குறைஞ்சிருக்கு, முட்டி உரசல் மட்டும் இன்னும் இருக்கு, அந்த வண்டில அவ்ளோ தான் முடியும்னு அவங்கப்பா கிட்ட நேராவே சொல்லிட்டேன்.

ஒரே ஒரு விஷயம், சீட் ரெயிலை வெட்டி வெல்டு வெச்சு பின்னாடி தள்ளித் தர்றேன்னு பட்டறையில சொன்னா தலையாட்டாதீங்க. விபத்துல உங்க சீட்டைப் பிடிச்சு நிறுத்தறது அந்த ரெயிலும் அதைத் தரையோட இணைக்கற போல்ட்டும் தான். இதுல நான் பேரம் பேச மாட்டேன்.

நீளமான டிரைவ்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி அஞ்சு நிமிஷம் நடங்க, டீ குடிக்கறது பெஞ்சுல உட்கார்ந்து இல்ல, நின்னு. நெதர்லாந்துல லைடன் ஆராய்ச்சியாளருங்க 2006ல வெளியிட்டது, நாலு மணி நேரத்துக்கு மேல பயணம் போனா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையற வாய்ப்பு சுமாரா ரெண்டு மடங்காகுது, ஃபிளைட்டுக்கு மட்டும் இல்ல, கார், பஸ், ரயிலுக்கும் சேர்த்து தான், அதுலயும் 190 சென்டிமீட்டருக்கு மேல ஒசரமா இருக்கறவங்களுக்கு இன்னும் அதிகம். அதாவது இந்தப் பையன் உயரம் இருக்கறவங்களுக்கு. ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி, சூடா, வலியா இருந்தா எண்ணெய் போட்டு நீவாதீங்க, நீவவே கூடாது, நேரா ஆஸ்பத்திரி போங்க. முதுகு வலியோட யூரின் போறதுல கஷ்டம் வந்தாலோ, உட்கார்ற இடத்துல உணர்ச்சி இல்லாம மரத்துப் போனாலோ, கால் பாதம் தூக்க வரலைன்னாலோ எனக்கு ஃபோன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் கேட்டுட்டு இருக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் அப்பவே எமர்ஜென்சிக்குக் கிளம்புங்க, வண்டியை வேற யாராவது ஓட்டட்டும்.