கணக்கெடுக்க ஆள் எங்கே?

2011 பிப்ரவரி 22, மதியம் 12.51. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை 6.3 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. 185 பேர் இறந்தார்கள். அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் குறித்திருந்த நாள் மார்ச் 8. மூன்றே நாளில் அதை ரத்து செய்துவிட்டார்கள்.

கிறைஸ்ட்சர்ச்சை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஊர்களில் எண்ணியிருக்கலாமே? அதுதான் சிக்கல். வீடு போனவர்கள் அந்த மற்ற ஊர்களில்தான் உறவினர் வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். எண்ணினால் இரண்டு ஊர்க் கணக்கும் கெடும்.

கணக்கெடுப்பைத் தள்ளிப்போடலாம். வேலையின்மை விகிதத்தைத் தள்ளிப்போட முடியாது, காலாண்டுக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். அதற்கு எல்லா வீட்டையும் தட்டுவதில்லை. மாதிரிக்கு எடுத்த ஒரு வீடு, பேச்சுக்கு, 150 வீடுகளுக்காகப் பேசுகிறது. கதவு பூட்டியிருந்தால், அதே பகுதியில் பதில் சொன்ன வீடுகளின் எடையை, அதாவது ஒவ்வொன்றும் எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்ற எண்ணை, கொஞ்சம் கூட்டிச் சரிக்கட்டுவார்கள். சாதாரண நாளில் இது பெரும்பாலும் தாங்கும்: பூட்டிய வீட்டுக்காரர் கடைக்குப் போயிருப்பார், அவ்வளவே. நிலநடுக்கத்துக்குப் பிறகு பூட்டிக் கிடப்பதோ சுவர் விரிந்த வீடு, வேலை போனவர் வீடு. தங்கியவர்களின் எடையை ஏற்றினால் ஊர் உண்மையைவிட நலமாகத் தெரியும். அதனால் வேறு தடயம் தேட வேண்டும். பிள்ளை வேறு ஊர்ப் பள்ளியில் சேர்ந்திருந்தால் குடும்பமும் அங்கேதான். சம்பள வரிப் பதிவு நின்றிருந்தால் வேலையும் நின்றிருக்கலாம்.

விலைவாசிக் குறியீட்டிலும் இதே தொல்லை. இடிந்த கடையில் விலை கேட்க முடியாது. பழைய விலையையே எழுதினால் விலை ஏறவே இல்லை என்றாகும். திறந்திருக்கும் ஒத்த கடைகளில் ஏறிய விகிதத்தை எடுப்பதே மேல்.

மொத்த உள்நாட்டு உற்பத்தி இன்னும் விசித்திரம். இடிந்த வீடு அதில் கழியாது, ஏனென்றால் அது உற்பத்தியை எண்ணுகிறதே தவிர சொத்தை அல்ல. மீண்டும் கட்டும் கொத்தனாரின் கூலி மட்டும் அதில் சேரும். இதை வளர்ச்சி என்று கொண்டாடுபவரை நம்பாதீர்கள்.

கடைசியில் 2013 மார்ச் 5-ல் கணக்கெடுத்தார்கள். 2006-ஐவிட கிறைஸ்ட்சர்ச் சுமார் 2% சுருங்கியிருந்தது. பக்கத்து செல்வின் மாவட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருகியிருந்தது. செல்வின் முன்பே வளர்ந்துகொண்டிருந்த பகுதிதான். அதில் நிலநடுக்கத்தின் பங்கை மட்டும் பிரிப்பது எளிதல்ல.

2016 நவம்பர் 14-ல் அடுத்த அடி. 7.8 அளவு கைகோரா நிலநடுக்கத்தில் வெலிங்டனிலிருந்த புள்ளியியல் துறைக் கட்டடத்தின் தளங்களே சரிந்தன. நள்ளிரவு 12.02 என்பதால் உள்ளே ஒருவரும் இல்லை. சில புள்ளிவிவர வெளியீடுகள்தான் தள்ளிப்போயின.