அடுப்பில்லாமல் கொதிக்கும் டிரம்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பழைய ஃபோர் வீல் பிக்கப் ஒன்றை வீட்டிலேயே பிரித்துப் போட்டிருக்கிறேன். எதைத் தொட்டாலும் துரு. பேட்டரி சார்ஜரும் சலவைச் சோடாவும் இருந்தால் துருவை எடுத்துவிடலாம் என்கிறார்கள். நிஜமா, கதையா?"

நிஜம்தான். என் வீட்டுப் பின்கட்டிலும் அப்படி ஒரு வண்டி எலும்புக்கூடாக நிற்கிறது. தொண்டிப் பக்கம் மீன் ஏற்றிய வண்டி. ஐஸ் உருகி, உப்புத் தண்ணீராகப் பல வருஷம் சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தின் மேல் சொட்டியிருக்கிறது.

துருப்பிடிப்பது பள்ளிப் பாடம். இரும்பு எலக்ட்ரானை இழக்கிறது, ஆக்சிஜனும் தண்ணீரும் அதை வாங்கிக்கொள்கின்றன, மிஞ்சுவது செம்பழுப்பு ஆக்சைடு. தண்ணீரில் உப்பிருந்தால் மின்னோட்டம் சுலபம், அரிப்பும் வேகம். நம் செம்மண்ணுக்கும் செம்புறாங்கல்லுக்கும் நிறம் தருவது இதே இரும்பு ஆக்சைடு குடும்பம்தான். சும்மா விட்டால் வண்டியும் மண்ணோடு மண்ணாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

சரி, டிரம்முக்கு வருவோம். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், ஐந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. நான் முதலில் இறக்கியது, டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது இன்ஜின் விசையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், கல் அடிக்காமல் கீழே பூட்டும் காப்புத் தகட்டை. அதைக் கம்பியில் தொங்கவிட்டு 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவை மாட்டினேன். டிரம்மின் ஓரமாக நாலு பழைய கட்டடக் கம்பித் துண்டுகளை நிறுத்தி, நாலையும் பாசிட்டிவில் இணைத்தேன். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்தான் இதற்குத் தோது. ஸ்மார்ட் சார்ஜர்கள் பேட்டரியைக் காணோம் என்று பெரும்பாலும் படுத்துக்கொள்ளும்.

கொஞ்ச நேரத்தில் தகடு முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழ். பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "என்னப்பா தம்பி, அடுப்பில்லாமக் கொதிக்குது?" என்றார். சுவிட்சை அணைத்துவிட்டுத் தொட்டுக் காட்டினேன். பச்சைத் தண்ணீர்.

துருப்பிடித்தபோது இரும்பை விட்டு ஓடிய எலக்ட்ரானைச் சார்ஜர் திரும்ப உள்ளே தள்ளுகிறது. அதில் ஒரு பங்கு துருவுக்குள் இருக்கும் இரும்பு அயனிகளுக்குப் போகிறது. மூன்று எலக்ட்ரானைத் தொலைத்து நின்ற அயனிகளில் சில ஆளுக்கு ஒன்றைத் திரும்பப் பெற, செந்துரு மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறி, பிடிப்பு தளர்கிறது. மற்ற எலக்ட்ரான்கள் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனைக் கிளப்புகின்றன. எனக்குப் பிடித்த இடம் இதுதான்: அந்தக் குமிழ்களில் பல பிறப்பது பொருக்குக்கு அடியில், நல்ல இரும்பின் மேலேயே. பொருக்கை உள்ளேயிருந்து நெம்பித் தள்ளுகின்றன. வெளியிலிருந்து சுரண்டும் எந்த பிரஷ்ஷுக்கும் அந்த வழி கிடையாது.

அமிலம் துருவைத் தின்று முடித்ததும் நல்ல இரும்பிலும் வாய் வைக்கும். இங்கே நெகட்டிவில் இருக்கும்வரை இரும்பு கரையாது. கரைவதெல்லாம் பாசிட்டிவில் நிற்கும் கட்டடக் கம்பிதான். மறுநாள் காலையில் தகட்டைத் தேய்த்தேன். கறுப்புச் சேறாக வழிந்து, அடியில் குத்தியிருந்த பாக எண் தெரிந்தது. துரு தின்ற குழிகள் குழிகளாகவேதான் இருந்தன. போன இரும்பு போனதுதான்.

பாசிட்டிவில் எவர்சில்வர் வேண்டாம், நச்சுக் குரோமியம் கரைந்து வரும். சமையல் உப்பும் வேண்டாம், குளோரின் கிளம்பும். ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு. திறந்த வெளியில் வையுங்கள், பீடி சிகரெட் கிட்டே வரக் கூடாது. அலுமினியப் பாகம் சோடாவில் அரிக்கும். பட்டை ஸ்பிரிங்கையும் கடின போல்ட்டையும் போடவே போடாதீர்கள், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து முறியச் செய்யும். சேஸிஸ் டிரம்மில் அடங்காது. அதற்குக் கம்பி பிரஷ்ஷும் உங்கள் தோள்பட்டையும்தான்.

வண்டியின் உயரத்தைக் கூட்டுவது, இன்ஜின் மாற்றுவது பற்றியும் வாசகர் கேட்டிருந்தார். வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

இந்த மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் ஒரு தேசிய ஆய்வகம், நம் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். மண்டபத்துக் கடற்கரையில் தகடுகளை உப்புக்காற்றில் காயப்போட்டு, எது எவ்வளவு அரிக்கிறது என்று அளந்தவர்கள் இவர்கள். ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம், துருவை ஆராயப் பணம் கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம் என்று எனக்குப் புரிவதில்லை. பாலமும் படகும் இரும்பில்தானே நிற்கின்றன?

ஆச்சிக்கு இன்னொரு கவலை. வண்டிக்குக் கண்பட்டிருக்கிறதாம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டுமாம். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் துருவை நன்றாகவே கரைக்கும், ஆனால் பழத்தைப் பிழிய வேண்டிய இடம் போல்ட்டின் தலை. ஆச்சி புளி போட்டுப் பித்தளை அண்டாவைப் பளபளக்க வைப்பதும் இதே அமில வித்தைதான். சொன்னேன். "அதுவும் செய்யி, இதுவும் செய்யி" என்றுவிட்டார்.

ஒன்றை விட்டுவிட்டேன். டிரம்மிலிருந்து எடுத்த இரும்பு வெற்றுடம்பு. கழுவிய கையோடு துடைத்து, காயவைத்து, பிரைமர் அடித்துவிட வேண்டும். நான் தகட்டைக் கழுவித் திண்ணையில் சாய்த்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் மஞ்சள் பூசியதுபோல் புதுத் துரு. மறுபடி டிரம்மில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.