மயக்கம் கொடுத்துப் பிடுங்குவீங்களா?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் பல் கிளினிக்குக்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கடலுக்குப் போகிறவர். கீழ்க் கடைவாய்ப்பல் வேர்வரை சொத்தை, மூன்று நாளாகத் தூக்கமில்லை. நாற்காலியில் சாய்ந்ததுமே வாடை வந்தது. "பாண்டிச் சரக்கு, ஒரே ஒரு குவார்ட்டர்தான் டாக்டரம்மா. ஊசின்னா பயம், அதான் தைரியத்துக்கு. அப்படியே மயக்கம் கொடுத்துப் பிடுங்கிடுங்க" என்றார்.

நான் அன்றைக்குப் பல்லை எடுக்கவில்லை. அவருக்குக் கோபம்தான். ஆனால் சாராயமும் மயக்க மருந்தும் மூளையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகிவிடும். மாத்திரை எழுதிக்கொடுத்து, குடிக்காமல் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

'மயக்கம்' என்ற சொல்லே இங்கே பெரிய குழப்பம். பட்டினியோடு வந்து ஊசியைப் பார்த்ததும் கண் இருண்டு சாய்வதும் மயக்கம், பல்லுக்குப் போடும் ஊசியும் மயக்க ஊசி, ஆபரேஷன் தியேட்டரில் நினைவே இல்லாமல் படுத்திருப்பதும் மயக்கம். பல்லுக்கு நாங்கள் வழக்கமாகப் போடும் லிக்னோகெய்ன் மரத்துப்போகிற ஊசி மட்டுமே. அந்த இடத்து நரம்பை இரண்டு மூன்று மணி நேரம் மரக்கச் செய்யும், மனசைத் தொடாது. பயத்துக்கு மருந்து தனி. பயத்துக்கு மருந்து கொடுத்தாலும் வலிக்கு இந்த ஊசி போட்டே ஆக வேண்டும். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஈறில் முதலில் ஜெல் தடவி, மருந்தை மெதுவாக இறக்கினால் ஊசி குத்துவது பாதிப் பேருக்குத் தெரிவதே இல்லை.

"போன தடவை ஊசி போட்டும் வலிச்சுது, அதிலிருந்துதான் பயம்" என்பார்கள். அது பொய் இல்லை. சீழ் வைத்த இடத்தில் திசு அமிலமாக மாறிவிடும், அங்கே மருந்து சரியாகப் பிடிக்காது. பயந்து தள்ளிப்போட்டதால் சீழ் வைத்தது, சீழ் வைத்ததால் வலித்தது, வலித்ததால் பயம் இரண்டு மடங்கானது. என்னிடம் வரும் பயந்தாங்கொள்ளிகளில் முக்கால்வாசிப் பேரின் கதை இதுதான்.

சரி, பயத்துக்கு என்னதான் இருக்கிறது? எனக்குப் பிடித்தது நைட்ரஸ் ஆக்சைடு, சிரிப்பு வாயு என்பார்களே, அதுதான். 1844இல் அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இதை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்துப் பார்த்தார். இன்றைக்கு இதை ஆக்சிஜனோடு கலந்துதான் தருகிறோம், பெரும்பாலும் வாயு 30 முதல் 50 சதவீதம் வரை. மூக்கில் ஒரு சின்ன மாஸ்க். சில நிமிடங்களில் கை கால் கதகதப்பாகும், உடம்பு லேசாகும். தூக்கம் வராது, கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள். வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். மூக்கடைப்பு இருந்தால் வேலைக்கு ஆகாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்போம். வீறிட்டு அழும் குழந்தைக்கும் பயன்படாது, அழும்போது மூச்சு வாய் வழியாகத்தானே போகிறது!

அடுத்தது மாத்திரை. டயஸெபாம் போன்றவை. வேலை செய்ய நேரம் எடுக்கும், ஆளுக்கு ஆள் மாறும், கொடுத்த பிறகு கூட்டிக் குறைக்க வழியில்லை. சீட்டு இல்லாமல் தெரிந்த மெடிக்கலில் வாங்கி, வரும் வழியிலேயே போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை மறைக்கவும் வேண்டாம்.

நரம்பில், அதாவது கையில் ரத்தக்குழாயில், போடும் மிடஸோலம் என்ற மருந்து இன்னும் ஒரு படி மேலே. நடந்தது பலருக்கு நினைவிலேயே இருக்காது. எல்லாம் முடிந்து பஞ்சைக் கடித்துக்கொண்டே "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பார்கள். இதற்கு மயக்க மருந்து நிபுணரை வரவழைத்துத்தான் செய்கிறேன். கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்ததே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அது போல ஒன்று முழு நேரமும் ஓடும். மருந்தின் வேகத்தை முறிக்கும் ஃப்ளூமஸெனில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவை இருக்கின்றனவா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டதும் முகம் சுளிக்கிற டாக்டரின் நாற்காலியில் நானாக இருந்தால் உட்கார மாட்டேன்.

முழு மயக்கம் ஆஸ்பத்திரியில் மட்டும்தான். வாய் முழுக்கச் சொத்தையுள்ள சின்னக் குழந்தை, ஒத்துழைக்க முடியாத மாற்றுத்திறனாளி என்று சிலருக்கே அது தேவைப்படும். செலவை நினைத்துத் தயங்குபவர்கள் சிதம்பரம் அண்ணாமலை நகரிலோ புதுச்சேரி கோரிமேட்டிலோ இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் முதலில் விசாரியுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். வெறும் மரத்துப்போகிற ஊசி என்றால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நரம்பு வழி மயக்கமோ முழு மயக்கமோ என்றால் ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும், தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்கு முன். ஒரு பெண் காலையிலிருந்து பட்டினி என்று சத்தியம் செய்தார். கூட வந்த மாமியார்தான் "ரெண்டே இட்லி, அதுவும் சின்னது" என்று காப்பாற்றினார். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் சின்ன இட்லி, பெரிய இட்லி என்ற கணக்கெல்லாம் இல்லை. மாத்திரையோ நரம்பு ஊசியோ போட்டால் துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது. 'தெளிஞ்சிடுச்சு' என்று நீங்களே முடிவு செய்து ஈசிஆரில் பைக்கை முறுக்காதீர்கள்.

திங்கட்கிழமை அவர் வந்தார், வாடை இல்லாமல், மனைவியோடு. பயம் என்று தெரிந்திருந்ததால் முதல் ஆளாகக் கூப்பிட்டேன். வெளியே உட்கார்ந்து அடுத்தவர் பல்லில் மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டால் இருக்கிற தைரியமும் போய்விடும். இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லி வைத்தேன். மாஸ்க் போட்டு, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மரத்துப்போகிற ஊசியைப் போட்டேன். கையை ஒரே ஒரு தடவைதான் தூக்கினார். நிறுத்தி என்னவென்று கேட்டால், மூக்கு அரிக்கிறதாம்.