சீராலஜி: ஊனீரியல்

தாவர நோயியல் படிக்கிறவர்கள் அடிக்கடி பார்க்கும் சொல் 'சீராலஜி'. இரண்டு வைரஸ்கள் ஒன்றுக்கொன்று உறவா என்பதை, மரபணுவைப் படிக்கும் வசதி வருவதற்கு முன்பே சொல்லத் தொடங்கிய துறை இது.

'சீரம்' என்பது லத்தீன் சொல். பால் திரிந்தால் கட்டியிலிருந்து பிரியும் தெளிந்த நீரைக் குறித்தது. ரத்தம் உறைந்தபின் பிரியும் இளமஞ்சள் நீருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. உடலில் நுழையும் அந்நியப் பொருளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதங்களான எதிர்ப்பொருள்கள் அந்த நீரில்தான் இருக்கின்றன. அவற்றை வைத்துச் சோதிப்பதே சீராலஜி.

சரி, ரத்தமே இல்லாத செடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? செடி எதிர்ப்பொருள் உண்டாக்காது, முயல் உண்டாக்கும். செடியிலிருந்து எடுத்த வைரஸை முயலுக்கு ஊசி மூலம் செலுத்தி, சில வாரம் கழித்து அதன் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரிப்பார்கள். நியூயார்க் மாநிலத்தின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில் ஹெலன் பர்டி பீல் 1920களின் கடைசியில் புகையிலை மொசைக் வைரஸை வைத்து இதைச் செய்தார். அந்த வைரஸ் தக்காளியில் இருந்தாலும் சீரத்தோடு சேர்ந்து வீழ்படிவு (கரையாமல் பிரியும் படிவு) வந்தது. வேறு வைரஸ் தாக்கிய செடியின் சாற்றில் வரவில்லை. செடி எதுவானாலும் வைரஸை அடையாளம் காணலாம் என்று இதனால் தெரிந்தது. தாவர வைரஸியலில் இவருக்குக் கிடைத்த பெயர் போதாது என்பது என் எண்ணம்.

உறவை அளக்க எனக்குப் பிடித்தது அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்) தட்டுச் சோதனை. ஒரு குழியில் சீரம், எதிரே பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இரண்டு வைரஸ்கள். மூன்றும் கசிந்து பரவிச் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். இரு கோடுகளும் வளைந்து ஒன்றாகக் கூடினால், அந்தச் சீரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வைரஸ். ஒரு கோடு மற்றதைத் தாண்டி முள்போல நீண்டால் உறவு உண்டு, ஆனால் முழுதாக இல்லை. இரண்டாவது வைரஸ் பக்கம் கோடே விழாவிட்டால், நெருங்கிய உறவு இல்லை.

சீராலஜியைத் தமிழில் நிணநீரியல், குருதிநீரியல், ஊனீரியல் என்று எழுதுகிறார்கள். நிணநீர் வேறு உடல்நீர் என்பதால் முதலாவது குழப்பும். குருதிநீர் என்றால் பிளாஸ்மாவா (உறையாத ரத்தத்தின் நீர்ப்பகுதி) சீரமா என்ற கேள்வி வரும். ஊன், நீர் சேர்ந்த 'ஊனீர்' சீரத்துக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ஆகவே ஊனீரியலே பொருத்தம்.

1977இல் கிளார்க், ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள், எதிர்ப்பொருளோடு நொதியை இணைத்து நிறமாற்றத்தால் வைரஸைக் கண்டறியும் எலைசா முறையைத் தாவர வைரஸ்களுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். அப்புறம் ஏராளமான இலைச் சாறுகளை ஒரே நேரத்தில் சோதிக்க முடிந்தது. ஆனால் எதிர்ப்பொருள் பெரும்பாலும் பார்ப்பது வைரஸின் வெளியுறைப் புரதத்தை மட்டுமே. 'ஊனீரியல் உறவு' என்று படித்தால், உறையின் ஒற்றுமை என்றே அதைக் கொள்ளவேண்டும்.