சாட்சி மேடைக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

சில வருடங்களுக்கு முன், குறுவை அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சபையில், தேவன் செய்த நன்மையை எல்லோர் முன்னும் சொல்லும் சாட்சி நேரத்தில் மேடையேறிய அம்மாவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் நோயாளி. வெண்ணாற்றங்கரைக் கிராமம், நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே தேய்ந்த உடம்பு, பத்து வருடச் சர்க்கரை. மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "மூன்று நாள் உபவாசம் இருந்தேன். ஊழியக்காரர் தலையில் கைவைத்து ஜெபித்தார். மாத்திரையை எல்லாம் அன்றைக்கே வாய்க்காலில் போட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் சர்க்கரை நூற்றுப்பத்து!" சபை கைதட்டியது. மூன்றாவது வரிசையில் இருந்த நானும் தட்டினேன். "உங்களிடம் காட்டுகிறவர்தானே டாக்டர்?" என்று பக்கத்தில் இருந்தவர் பூரிப்போடு கேட்டார். தலையாட்டினேன்.

தாளடி அறுவடையின்போது அதே அம்மா கிளினிக்குக்கு வந்தார். வலது காலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. அவிழ்க்கும் முன்பே வாடை வந்துவிட்டது. அறுத்த தாள் பாதத்தில் குத்தி எட்டு நாளாகிறது. குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. மருமகள்தான் தரையில் ஈரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டாவது விரல் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. தஞ்சாவூருக்கு அனுப்பினேன். இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் கால் தப்பியது.

"கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டாரா ஐயா?" என்று கேட்டார். கைவிட்டவர்களில் நானும் ஒருவன் என்று அவரிடம் சொல்ல அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் பொது மருத்துவன். டெல்டாவில்தான் பிறந்தேன், இங்கேதான் தொழில். விசுவாசியும்கூட. தேவன் சுகமாக்குகிறார் என்று நம்புகிறேன். நோயாளி கேட்டால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று அவரோடு ஜெபிக்கிறேன். ஆகவே இதை வெளியிலிருந்து எறியும் கல்லாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடையாளம் தெரியாமலிருக்க நோயாளிகளின் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த நூற்றுப்பத்தைப் பார்ப்போம். அது பொய்யான எண் அல்ல. மூன்று நாள் சோறில்லாமல் இருந்தால், டைப் 2 சர்க்கரை உள்ளவர்கள் பலருக்குக் காலை வெறும் வயிற்று அளவு இறங்கத்தான் செய்யும். மாத்திரையின் தாக்கமும் உடம்பில் மிச்சமிருக்கும். விரலில் குத்திப் பார்க்கும் கருவி அந்த நிமிடத்தை மட்டும்தான் சொல்லும். கடந்த மூன்று மாதக் கதையைச் சொல்வது எச்பிஏ1சி பரிசோதனை. அதை யாரும் மேடையில் வாசித்து நான் கேட்டதில்லை.

இன்னொரு விஷயம், நோயாளிகளே சொல்லி நான் கற்றது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வயிறு உப்புசம், பேதி, வாயில் ஒருவிதக் கசப்பு இருக்கும். நிறுத்திய மூன்றாம் நாள் வயிறு லேசாகும், பசி எடுக்கும். "உடம்பே புதிதாகிவிட்டது" என்று அவர்கள் சொல்வது சத்தியம். தைராய்டு மாத்திரை இன்னும் நன்றாக ஏமாற்றும். அந்த மாத்திரையில் உள்ள தைராக்ஸின் என்ற ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், நிறுத்திய முதல் சில ஞாயிறுகள் ஒரு குறையும் தெரியாது. பி.பி. ஏறினால் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இராது. காசநோய்க்காரருக்கு இரண்டு மாத மருந்திலேயே இருமல் நின்று எடை கூடிவிடும். ஆனால் சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாதம் முழுதாகச் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம். அது வீட்டில் உள்ள பேரப்பிள்ளைக்கும் போகலாம்.

மருந்தை விட்டவுடன் சாட்சி சொல்லத் தோன்றும் காலமும், மருந்தை விட்டதன் விளைவு தெரியும் காலமும் வேறு வேறு. முதல் காலத்தில் மைக் கையில் இருக்கிறது. இரண்டாவது காலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறார், சபைக்கு வருவதே இல்லை.

இந்த அவகாசம்கூடக் கிடைக்காதவர்கள் உண்டு. டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர், செயற்கை இதய வால்வுக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர், வலிப்பு மாத்திரையில் இருப்பவர், இவர்கள் யாரும் ஒரு நாள்கூட இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. வலிப்பைப் பொறுத்தவரை, "இது பிசாசின் கட்டு" என்று சொல்கிறவர்களிடம் நான் மத்தேயு 4:24-ஐ எடுத்துக் காட்டுவேன். பிசாசு பிடித்தவர்களையும், சந்திரரோகிகளையும் (வலிப்பு உள்ளவர்களையும்), திமிர்வாதக்காரரையும் என்று தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறது. வேதமே பிரித்து வைத்ததை நாம் ஏன் ஒரே மூட்டையாகக் கட்டுகிறோம்?

உபவாசத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் இப்போது பல சபைகளில் வழக்கமாகிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் நாற்பது நாள். மாத்திரையை விட்டுவிடுகிறவர்களைப் போலவே, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பாட்டை விடுகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைக்கு நீங்கள் உபவாசம் இருப்பது தெரியாது. சோறு வந்தாலும் வராவிட்டாலும் அது கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆட்டோவில் ஓர் அம்மாவைத் தூக்கி வந்தார்கள். காலையிலிருந்து ஜெபக் கூட்டத்தில் இருந்தவர், திடீரென்று நடுங்கியிருக்கிறார், சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறார். முதலில் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்தார்கள். பிறகு அசுத்த ஆவி என்று நினைத்து அதட்டினார்கள். புடவை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் 38. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, கண்ணைத் திறந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "என் செருப்பு எங்கே?" ஜெபக் கூடத்து வாசலில் விட்டதாம், புதுச் செருப்பாம். அவருக்காக அழுதுகொண்டிருந்த சகோதரிகள் நால்வரும் சிரித்துவிட்டார்கள். அந்த 38 இன்னும் அரை மணி நேரம் அப்படியே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களிடம் சொல்லி அந்தச் சிரிப்பைக் கெடுக்கத்தான் வேண்டியிருந்தது.

உபவாசத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, உளறல் வந்தால் முதலில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். உபவாசம் முறிந்ததே என்ற கவலை பிறகு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் நீண்ட உபவாசம் இருந்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகக்கூடும். வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் காத்திருக்கக் கூடாது. உபவாசம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாக வந்தால் எந்த மாத்திரையைக் குறைக்கலாம், யார் உபவாசமே இருக்கக் கூடாது என்று சொல்ல முடியும். இருக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் ஏசாயா 58-ஐ வாசிக்கலாம். பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதும் அங்கே உபவாசம்தான்.

மருந்துக்கு எதிராக மேடையில் அதிகம் இழுக்கப்படுகிறவன் பழைய ஏற்பாட்டில் வரும் யூதாவின் ஆசா ராஜா. கால்களில் வியாதி கண்டபோது "கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்" என்று 2 நாளாகமம் 16:12 குற்றம் சொல்கிறது. பரிகாரி என்றால் வைத்தியர். சரி. ஆனால் குற்றம் எங்கே இருக்கிறது? அதே அதிகாரத்தில் அவன் சீரிய ராஜாவின் படையை நம்பினான், கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைச் சிறையில் போட்டான். கர்த்தரை விட்டு விலகிய மனுஷன் வைத்தியரிடமும் அப்படியே போனான். இதை வைத்து மெட்ஃபார்மினைத் தூக்கிப் போடச் சொல்வது, அவன் படையை நம்பியதைக் காட்டி வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதே என்பது போல.

ஆசாவுக்குப் பதில், யூதாவின் இன்னொரு ராஜாவான எசேக்கியாவைப் பாருங்கள். மரணப் படுக்கையில் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தான். கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். வாக்குத்தத்தம் கையில் கிடைத்தாகிவிட்டது. அப்படியும் தீர்க்கதரிசி ஏசாயா என்ன செய்யச் சொன்னான்? அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான். பிளவை என்ற சொல்லை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். சர்க்கரை நோயாளியின் முதுகில் கிளம்பும் பெரிய சீழ்க்கட்டியைத்தான் நம் ஊரில் ராஜபிளவை என்கிறோம். எசேக்கியாவுக்குச் சர்க்கரை இருந்தது என்று நான் சொல்லவில்லை; அப்படிப் பிரசங்கம் செய்துவிடாதீர்கள். ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் பற்று தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அப்போஸ்தலன் பவுல், தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இன்னொரு உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று கடிதத்தின் கடைசியில், ஊர்ச் சேதி எழுதுவதுபோல எழுதிவிட்டுப் போகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை.

என்னை மாற்றிய வசனம் மத்தேயு 8:4. குஷ்டரோகி சொஸ்தமாகிறான். இயேசு அவனிடம், இதை நீ ஒருவருக்கும் சொல்லாதபடி எச்சரிக்கையாயிரு என்கிறார். பிறகு, "அவர்களுக்குச் சாட்சியாக" நீ போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்கிறார். முதலில் காண்பிக்க வேண்டும். சாட்சி என்ற சொல்லே காண்பிப்பதோடு சேர்ந்துதான் வருகிறது. ஆசாரியன் எப்படிப் பார்ப்பான்? லேவியராகமம் 13-ஐ வாசியுங்கள்: சந்தேகமானால் ஏழு நாள் அடைத்து வைத்து ஏழாம் நாளில் பார்ப்பான், தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். நாங்கள் சீட்டில் "மறுபரிசோதனைக்கு வரவும்" என்று எழுதுவதும் அதைத்தான். சொந்த அற்புதத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆண்டவர் கூச்சப்படவில்லை. நாம் எதற்குப் பயப்படுகிறோம்?

தரங்கம்பாடி எங்களுக்குத் தூரமில்லை. 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கரையிறங்கிய இடம். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி 1715-இல் வெளிவந்த இடம். அவருடைய உடன் ஊழியர் கிருண்ட்லர், நம் நாட்டு வைத்தியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட தமிழ் மருத்துவத்தை 1711-இல் ஜெர்மன் மொழியில் எழுதி வைத்தார். கடற்கரையில் நிற்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். சுவிசேஷம் சொல்ல வந்தவர் உள்ளூர் வைத்தியரின் முன்னால் ஏட்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார். அந்த வழியில் வந்த நாம்தான் மாத்திரையை வாய்க்காலில் போடுகிறோம்.

இப்போது மேடையை விடக் கைப்பேசி பெரியதாகிவிட்டது. அந்த அம்மாவின் சாட்சி முப்பது விநாடிக் காணொளியாக, பின்னணி இசையோடு, விரல் போன பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. எடுத்தவர்களுக்கு அதை நீக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களை "எண்ணெயை நம்புகிறார்கள்" என்று நம் பிரசங்கிகள் குறை சொல்வதுண்டு. அதே மேடையின் ஓரத்தில் ஜெப எண்ணெய் சீசாவில் விற்பனையாகிறது. நீரிழிவு, வலிப்பு, புற்றுநோய் முதலியவற்றை மந்திர நிவாரணங்களால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-இலேயே ஒரு மத்தியச் சட்டம் வந்துவிட்டது. சீசாவுக்கு அது பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். அதுவரை நம் மனச்சாட்சி காத்திருக்க வேண்டியதில்லை.

போதகர்களோடு பேசத் தொடங்கியபோது அவர்கள் பக்கத்துச் சங்கடமும் புரிந்தது. "மாத்திரை சாப்பிடுங்கள் என்று சொன்னால் விசுவாசம் குறைந்தவன் என்பார்கள் டாக்டர். அடுத்த தெருவில் இன்னொரு சபை இருக்கிறது" என்றார் ஒருவர். ஒளிக்காமல் பேசியது பிடித்திருந்தது. நான் கேட்டது இரண்டே விஷயம். சுகமானேன் என்று சொல்கிறவரை முதலில் அவருடைய டாக்டரிடம் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து சாட்சி சொல்லட்டும். எடை குறைந்து, உணவு மாறி, மாத்திரையே வேண்டாம் என்ற நிலைக்கு வந்தவர்களும் என்னிடம் உண்டு. அப்படியானால் சீட்டில் நானே எழுதித் தருகிறேன். இரண்டாவது, ஆறு மாதக் காசநோய் மருந்தை ஒரு வேளையும் விடாமல் முடித்தவரை மேடையேற்றுங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அதற்கும் ஸ்தோத்திரம் சொல்லலாமே.

அந்தப் போதகர் சென்ற மாதம் ஒரு பெரியவரிடம் சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார்: "சாட்சி சொல்ல விரும்புகிறார். பார்த்துச் சொல்லவும்." எச்பிஏ1சி 6.8. நல்ல அளவு. மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். பெரியவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நிறுத்தவில்லை ஐயா. வீட்டில் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். சபையில் யாருக்கும் தெரியாது" என்றார்.

"அதையும் சேர்த்தே சாட்சி சொல்லுங்களேன்" என்றேன். சிரித்தார். ரிப்போர்ட்டை நான்காக மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அவர் மேடையேறவில்லை என்று போதகர் சொன்னார். மாத்திரை தீர்ந்ததும் மட்டும் நாள் தவறாமல் வந்து வாங்கிப் போகிறார்.