எரியுதுல்ல, அப்புறம் என்ன?

இந்த வாரமும் ஒரு கார் வந்தது. இடது ஹெட்லைட் டூமில் பல்பைப் பிடித்து வைக்கிற ஸ்பிரிங் கிளிப்பைக் காணோம். அந்த இடத்தில் எம்-சீல். பிசைந்து, பல்பின் வளையத்தைச் சுற்றி அப்பி, காயவிட்டு, அதன்மேல் ஒயர் முனையில் இருக்கிற கப்ளரைச் சொருகியிருக்கிறார் வண்டிக்காரர். கிளிப் எங்கே என்று கேட்டால், "உள்ள விழுந்துடுச்சுண்ணே, எடுக்க முடியல" என்கிறார். அப்போதே ஏன் வரவில்லை? "எரியுதுல்ல, அப்புறம் என்னன்னு விட்டுட்டேன்." இத்தனைக்கும் அவர் வந்தது ஹாரன் அடிக்கவில்லை என்று.

ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வைத்திருக்கிறவன், ஹெட்லைட் பல்பை வீட்டில் மாற்றாதீர்கள் என்று எழுதினால் பிழைப்புக்காகச் சொல்கிறான் என்பீர்கள். தாராளமாக மாற்றுங்கள். பல கார்களில் கால் மணி நேர வேலைதான். ஆனால் எரிவது வேறு, சரியாக உட்கார்ந்து எரிவது வேறு. இது மண்டையில் ஏறாத வரைக்கும் ராத்திரி ரோட்டில் எதிரே பைக்கில் வருகிறவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குத்துமதிப்பாகத்தான் ஓட்டியாக வேண்டும்.

நம் ஊரில் ஓடுகிற சின்னக் கார்களில் நிறைய இருப்பது எச்-4 என்கிற ஹாலஜன் பல்பு. 12 வோல்ட், 60/55 வாட்ஸ் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55), பின்னால் மூன்று பின். அதை ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை இருக்கும். நுனிப் பக்கம் இருப்பது டிம், அடிப்பக்கம் இருப்பது பிரைட். டிம் இழைக்குக் கீழே மட்டும் கிண்ணம் மாதிரி ஒரு சின்னத் தகடு. டிம் வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் மறித்து, ரிஃப்ளெக்டரின் (டூமுக்குள் பல்பைச் சுற்றி இருக்கிற பளபளப்பான குழிவு) மேல் பாதியில் மட்டும் பட வைப்பது அந்தத் தகடுதான். மேல் பாதியில் பட்ட வெளிச்சம் கீழே சாய்ந்து ரோட்டில் விழும். தகட்டின் ஒரு ஓரம் 15 டிகிரி சாய்வாக இருக்கும். இடது ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் ஏறிப் போய் சைக்கிளில் போகிறவரையும் படுத்திருக்கிற மாட்டையும் காட்டுவதும், எதிர் வண்டி வருகிற வலது பக்கம் மட்டமாக நின்றுவிடுவதும் அதனால்தான்.

இப்போது அதே பல்பைத் தலைகீழாகத் திணியுங்கள். தகடு மேலே போய்விடும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதியில் பட்டு மேலே கிளம்பும். டிம்மில்தானே போகிறோம் என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், வண்டி புளியமரக் கிளைக்கு லைட் அடித்துக்கொண்டு போகும்.

"தலைகீழா போகவே போகாதே, காது வெச்சிருக்கானே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஆமாம், வளையத்தில் மூன்று காது உண்டு, அதில் ஒன்று மட்டும் அகலம். சரியான திசையில் வைத்தால்தான் பள்ளத்தில் இறங்கும். ஆனால் இறங்காத பல்பையும் கிளிப்பைப் போட்டு அமுக்கி, பின்பக்கம் ரப்பர் பூட் என்கிற மூடியைப் போட்டு, கப்ளரை மாட்டி எரிய வைத்துவிடலாம். எரியும். அதுதான் வம்பே. ஒரே ஒரு காது பள்ளத்தில் விழாமல் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றாலும் போதும், ஃபோகஸ் போச்சு. அதைப் பார்க்காமல், "வெளிச்சம் பத்தல, பவர் கூடின பல்பு குடுங்க" என்று கடைக்கு வருகிறார்கள். மூக்குக்கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு டாக்டரிடம் பவர் ஏற்றச் சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

அந்தப் பவர் கூடின பல்பு, 100/90. இதைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்கிறது. 60 வாட்ஸ் பல்பு ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட்ஸ் 8-க்கு மேல் இழுக்கும். கம்பெனி போட்ட ஒயரும் ஸ்விட்சும் ஹோல்டரும் முதலாவதுக்குப் போட்டவை. தனியாக ரிலே (ஸ்விட்சில் சுமை ஏறாமல் பல்புக்குக் கரண்ட் விடுகிற சாமான்), கனமான ஒயர், செராமிக் ஹோல்டர் எல்லாம் போட்டால் ஒயர் தாங்கும். ரிஃப்ளெக்டர் பூச்சு தாங்காது, கொஞ்ச நாளில் கருகும். அப்புறம் 200 வாட்ஸே போட்டாலும் வெளிச்சம் திரும்பி வராது. ரிலேயும் போடாமல், ஃபியூஸ் போகிறது என்று ஃபியூஸ் இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிக் கொண்டுவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மங்கலாக எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது எர்த், அதாவது லைட் ஒயரை வண்டி பாடியோடு போல்ட் போட்டு முறுக்கியிருக்கிற இடம். அடுத்தது கப்ளர். பழுப்பேறி, பின் லூசாகி இருக்கும். ஹாலஜன் பல்புக்குப் போகிற வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடும். துரு பிடித்த எர்த் போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கிக் கொடுத்ததும், "என்ன பல்புண்ணே போட்டீங்க, பகல் மாதிரி இருக்கு" என்று கேட்டவர்கள் உண்டு. பழைய பல்புதான் ஐயா. இன்னொன்று, டூம் கண்ணாடி மஞ்சளடித்திருந்தால் எந்தப் பல்பும் உதவாது. பேஸ்ட் போட்டுத் தேய்க்கிற வைத்தியம் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும்.

எல்இடி போடலாமா என்று தினமும் கேட்கிறார்கள். லென்ஸ் வைத்த ப்ரொஜெக்டரோ சாதா ரிஃப்ளெக்டரோ, எல்இடிக்கென்றே கம்பெனி வடிவமைத்த ஹெட்லைட் என்றால் அது வேறு கதை. ஹாலஜன் டூமில் ஆன்லைனில் வாங்கிய எல்இடியைச் சொருகுவதைத்தான் சொல்கிறேன். மெல்லிய இழை ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பட்டைத் தகட்டின் இரு பக்கமும் சிப். ரிஃப்ளெக்டர் அதை எங்கெங்கோ சிதறடிக்கும். சுவரில் பார்த்தால் வெள்ளை வெளேர் என்று இருக்கும், ரோட்டில் நாற்பது அடிக்கு அப்பால் இருட்டு. பின்னால் இருக்கிற ஃபேன் இடிக்கிறது என்று ரப்பர் பூட்டை வட்டமாக வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அடுத்த மழையில் டூமுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது என்பது விதியிலேயே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூச வைக்காதபடி வெளிச்சம் கீழே சாய்ந்திருக்க வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் வண்டியை நிறுத்தி ஹெட்லைட் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்களே, அதுவும் இதற்காகத்தான். நான்கு வழிச் சாலையில் நடுவில் வளர்த்திருக்கிற அரளிச் செடி உங்கள் தப்பைக் கொஞ்சம் மறைத்துவிடும். ஊருக்குள் போகிற ஒற்றை ரோட்டில் அரளி கிடையாது.

சரி, மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் கேளுங்கள். பல்பு ஆறட்டும். இப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு உடனே கையை விடாதீர்கள். பல்பின் கண்ணாடியைத் தொடாதீர்கள், தொட்டுவிட்டால் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். ஏன் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள், நான் வேறு சொல்ல வேண்டாம். அந்த வீடியோக்காரர் டூமைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு மாற்றுவார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு ஒரு பக்கம் பேட்டரி இடிக்கும், மறுபக்கம் வைப்பர் தண்ணி டப்பாவின் கழுத்து இடிக்கும். முட்டி தேயும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. கை போக வேண்டிய இடம் என்று யோசிக்காமல் செய்த வண்டிகள் அவை. போனை உள்ளே விட்டு ஒரு போட்டோ எடுங்கள். பழைய பல்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது, அகலக் காது எந்தப் பக்கம், கிளிப் எந்தப் பக்கம் மடங்குகிறது எல்லாம் அதில் தெரியும். கிளிப்பை முன்னால் அமுக்கி, பிறகு பக்கவாட்டில் தள்ளினால் விடுபடும். வெளியே இழுத்தால் கழன்று விழும், அப்புறம் காந்தக் குச்சியை வைத்துக்கொண்டு தேட வேண்டியதுதான். ரப்பர் பூட்டில் மேல்பக்கம் எது என்று குறி இருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள். பம்பரைக் கழற்றினால்தான் கை போகும் என்கிற வண்டியாக இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பம்பர் கிளிப் நான்கு உடைந்தால் அந்தக் காசுக்குக் கூலியே கொடுத்திருக்கலாம்.

மாட்டி முடித்ததும் எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு பானெட்டை மூடாதீர்கள். மட்டமான தரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். வண்டிக்குள் ஹெட்லைட் வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிற குமிழ் இருந்தால் 0-வில் வையுங்கள். (பின் சீட்டிலும் டிக்கியிலும் பாரம் ஏற்றும்போது திருப்புவதற்கு இருக்கிறது அது. வாங்கியதிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் அதிகம்.) டிம்மைப் போட்டு, கை வைக்காத பக்கத்தில் வெளிச்சமும் இருட்டும் பிரிகிற கோடு சுவரில் எந்த உயரத்தில் விழுகிறதோ அங்கே சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பக்கமும் அதே உயரத்தில், அதே மாதிரி வெட்டிய கோடாக விழ வேண்டும். கோடே இல்லாமல் புகை மாதிரி பரவியிருந்தால் பல்பு உட்காரவில்லை. கழற்றி மறுபடி மாட்டுங்கள். அட்ஜஸ்ட் செய்கிற ஸ்க்ரூவைத் திருகி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

பல்பு வாங்க வரும்போது காரின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு வராதீர்கள். ஒரே காரில் ஒரு மாடலுக்கு எச்-4 இருக்கும், அதற்கு மேல் மாடலில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி பல்பு இருக்கும். பழைய பல்பைக் குப்பையில் போடாமல் ஒரு காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டுவாருங்கள். அதன் வளையத்தில் எண் அடித்திருக்கும்.