கதிர்வீச்சுச் சிகிச்சைப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த ஒரு பெண்மணிக்கு ஒரு மாதமாக முதுகுவலி. வலி மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் கால்கள் தளர ஆரம்பித்து, எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவரால் நிற்கவே முடியவில்லை. முதுகெலும்புக்குப் பரவிய புற்று தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. கதிர்வீச்சு கொடுத்தோம், வலி குறைந்தது, கால்கள் திரும்பவில்லை. இந்த நிலையில் சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிந்தவர்கள்தான் பெரும்பாலும் பிறகும் நடக்கிறார்கள்.

அவரை முதலில் பார்த்த மருத்துவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்ல. மணிக்கணக்கில் செயல்பட வேண்டிய அவசரம் இது என்று அவர்கள் மனத்தில் பதியும்படி யாரும் சொல்லித் தரவில்லை. அந்த 'யாரும்' என்பதில் நானும் உண்டு.

மருத்துவ மாணவர்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பு பல வருடம் அணுவில்தான் தொடங்கும். எக்ஸ் கதிர் எப்படிப் பிறக்கிறது, கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு என்றெல்லாம் சொல்வேன். குறித்துக்கொள்வார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அவர்களில் மிகச் சிலரே எங்கள் துறைக்கு வருவார்கள். ஆனால் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. அந்த நோயாளிகளை எங்களிடம் அனுப்பப்போவதும், சிகிச்சைக்குப் பிறகு காலமெல்லாம் பார்க்கப்போவதும் இந்த மாணவர்கள்தான்.

அதனால் இப்போது ஒரு மாணவருக்கு ஒரு நோயாளி. சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் மாஸ்க் செய்வதிலிருந்து கூடவே இருக்க வேண்டும். திட்டமிடும் சிடி ஸ்கேன் வந்ததும் மவுஸை மாணவர் கையில் கொடுத்து, கதிர் அதிகம் படாமல் காக்க வேண்டிய உமிழ்நீர்ச் சுரப்பியை ஒவ்வொரு படமாக வரையச் சொல்கிறேன். அரை மணி நேரம் திணறுவார்கள். கட்டிக்கும் சுரப்பிக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் என்று கண்ணால் பார்த்தவருக்கு, வாய் வறட்சி என்பது பக்கவிளைவுப் பட்டியலில் ஒரு வரியாக இருக்காது.

அப்புறம் கருவி அறை. நோயாளிகள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லிப் பயப்படும் சிகிச்சை சில நிமிடங்களில், வலியே இல்லாமல் முடிவதைப் பார்க்கிறார்கள். "வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாமா?" என்று நோயாளி கேட்கும்போது மாணவரும் என் முகத்தைப் பார்ப்பார். தாராளமாகத் தூக்கலாம், வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்குவதில்லை. (உடலுக்குள் கதிரியக்க மருந்து செலுத்தும் சிகிச்சைகளுக்கு விதிகள் வேறு, அதையும் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

பாடத்தில் மிகவும் விட்டுப்போவது, சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்து வருபவை. தாடையில் கதிர்வீச்சு பெற்றவருக்குப் பழைய கதை கேட்காமல் பல்லைப் பிடுங்கினால், எலும்பு ஆறாமல் அழுகிப்போகலாம். கழுத்தில் பெற்றவர் எப்போதும் சோர்வாக இருக்கிறது என்றால், வயதைக் காரணம் சொல்லும் முன் தைராய்டைப் பரிசோதிக்க வேண்டும். "எப்போதாவது கதிர்வீச்சு எடுத்தீர்களா, எந்த இடத்தில்?" என்று கேட்கும் பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது.

'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று யாரையும் எங்களிடம் அனுப்பாமல் விடாதீர்கள் என்றும் சொல்கிறேன். எலும்புக்குப் பரவிய புற்றின் வலியை ஒரே நாளில் கொடுக்கும் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு பலருக்குத் தணிக்கும். ஒரே ஒரு முறை வந்தால் போதும். அந்த வலியோடு ஒருவர் வாரக்கணக்கில் படுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

சரி, தேர்வில் கேட்காததை மாணவர்கள் படிக்க மாட்டார்கள். அதனால் துறைத் தேர்வில் ஒரு கேள்வி வைத்தேன்: புற்றுநோயாளி, முதுகுவலி, இன்று காலையிலிருந்து கால் தளர்ச்சி, மாலை 6 மணி, நீங்கள் தனியாகப் பணியில் இருக்கிறீர்கள், என்ன செய்வீர்கள்? முதல் வருடம் 'காலையில் எம்ஆர்ஐ' என்று நிறையப் பேர் எழுதினார்கள். இப்போது டெக்ஸாமெத்தசோன் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து), அன்றிரவே எம்ஆர்ஐ என்று எழுதுகிறார்கள். அறுவை மருத்துவரையும் எங்களையும் உடனே அழைக்க வேண்டும் என்பதுதான் பலருக்கு இன்னும் விட்டுப்போகிறது. அடுத்த பருவத்திலிருந்து, இரவில் அழைப்பை எடுக்கும் எங்கள் மருத்துவரோடு ஒவ்வொருவரையும் ஓர் இரவு உட்கார வைக்கப்போகிறேன்.